ஒரே மாதிரி இரண்டு கார்ட்லெஸ்

போன மாதம் வீட்டுக்கு இன்டர்நெட் கேபிள் இழுக்க இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். நானும் டெலிபோன் வேலையில் முப்பத்தைந்து வருடம் இருந்தவன் என்று தெரிந்ததும் அவர்களில் ஒருவர், "சார், உங்க காலத்துல ஒரே எடத்துல நின்னுக்கினுதான பேசணும்? நடந்துக்கினே பேசறதெல்லாம் செல்போன் வந்தப்புறம்தான?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. செல்போன் இந்தப் பக்கம் தலைகாட்டுவதற்குப் பல வருடம் முன்பே ஆம்பூரில் மொட்டை மாடியில் நடந்துகொண்டே பேசியவர்கள் உண்டு, அந்தப் போன்களில் பாதியை நான்தான் பார்த்துத் தேர்வு செய்து கொடுத்தேன் என்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு, அடுத்த வீட்டில் வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்கள். அவர்களிடம் சொல்ல வாய்ப்புக் கிடைக்காததை இங்கே எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்களில் இப்போது இருக்கிறவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நான் குடியாத்தத்துக்காரன். வீட்டில் லுங்கித் தறி. அறுந்த இழையைத் தேடி முடிபோட்டுப் பழகிய விரல்களுக்கு, கேபிளுக்குள் இருக்கும் நூறு கலர் ஒயர்கள் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. எழுபதுகளில் தினக்கூலியாகச் சேர்ந்து, குழி தோண்டி, கம்பம் நட்டு, பயிற்சிக்குப் போய் வந்து, டெலிபோன் மெக்கானிக்காக ஆம்பூரில் வந்து விழுந்தேன். அங்கே எனக்கு மேலே இருந்தவர் போன் இன்ஸ்பெக்டர் வரதராஜன் சார்.

வரதராஜன் சார் ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு துணிப்பை. சோதனை போன் அந்தப் பைக்குள்தான் இருக்கும். அவருடைய கோபத்தை அளக்க ஒரு வழி உண்டு. சாதாரணமாக என்னை "நீ" என்பார். கோபம் வந்தால் "நீங்க". உச்சிக்கு ஏறினால் "தாங்கள்". ஒருமுறை நான் கம்பத்தில் இடுப்புக் கயிறு கட்டாமல் ஏறியதைப் பார்த்துவிட்டு, "தாங்கள் கொஞ்சம் கீழே எழுந்தருள முடியுமா?" என்றார். கீழே நின்றிருந்த டீக்கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் இறங்கி, கயிற்றைக் கட்டிக்கொண்டு மறுபடி ஏறினேன்.

பழுது பார்க்க அவர் போகும் முறையை இன்றைக்கும் எழுதி வைக்கலாம். வாசலில் நின்று பெயரும் வேலையும் சொல்ல வேண்டும். உள்ளே கூப்பிட்டால் செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். முதலில் கருவியைத் தொடக்கூடாது, சுவரில் இருக்கும் சின்னப் பெட்டியின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்க வேண்டும். தோல் பதனிடும் ஊரில் காற்றே உலோகத்தைத் தின்னும். திருகாணிகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் மூக்குக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு சோதனை போனை லைனில் மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிஷம் வெறும் இரைச்சலைக் கேட்பார். அப்போது யாராவது பேசுவது காதில் விழுந்தால் "டெஸ்டிங்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உடனே கழற்றிவிட வேண்டும். "கோதண்டம், ஊரோட வீட்டு விஷயம் எல்லாம் நம்ம கை வழியா போவுது. கை வழியா போலாம். காது வழியா போவக்கூடாது" என்பார். இந்த ஒரு விஷயத்தில் அவர் யாரையும் மன்னித்ததில்லை.

எண்பதுகளின் நடுவில் கார்ட்லெஸ் வந்தது. தோல் வியாபாரிகள் ஜெர்மனி, ஹாங்காங், சிங்கப்பூர் என்று போய்வருகிறவர்கள். திரும்பும்போது பெட்டிக்குள் ஒன்று வந்துவிடும். சுவரோரம் வைக்க ஒரு பெட்டி, கையோடு எடுத்துப்போக ஆன்டெனா வைத்த ஒரு ஹேண்ட்செட். அதை லைனில் மாட்டத் துறையில் அனுமதி வாங்க வேண்டும். வாங்கியவர்கள் கம்மி, மாட்டியவர்கள் ஜாஸ்தி. ஒருவர் ஹேண்ட்செட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாணியம்பாடிக்கு பஸ் ஏறிவிட்டார். திரும்பி வந்ததும் நேரே எங்கள் ஆபீசுக்கு வந்து, "இன்னாப்பா இது, மின்னூர் தாண்டறதுக்குள்ள செத்துப்போச்சு. பேஜார் புடிச்ச மிஷினு" என்று சண்டை போட்டார். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டியபோதே அது செத்திருக்கும், அவர் கவனிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை.

இப்படிப்பட்ட கூத்துகளால், வாங்குவதற்கு முன்பே என்னைக் கேட்கும் வழக்கம் வந்தது. வெளிநாட்டுக் கடைகளின் விளம்பரத் தாள்களைக் கொண்டுவந்து என் முன் விரிப்பார்கள். வேலை நேரம் முடிந்த பிறகுதான் பார்ப்பேன் என்றாலும் எனக்குப் பெருமை தலைக்கு ஏறியிருந்தது. ஒரு கார்ட்லெஸை எப்படித் தேர்வு செய்வது என்பதற்கு நானாகவே ஒரு முறை வைத்திருந்தேன். வீட்டுச் சுவர் செங்கல்லா கருங்கல்லா? கூரையில் தகரம் உண்டா? கரண்ட் போனால் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்? மணிச் சத்தம் சமையலறை வரை கேட்குமா? தெரிந்த வீட்டிலிருந்து ஒரு செட்டை இரவல் வாங்கிவந்து நடந்தும் பார்த்துவிடுவேன்.

நடப்பது நான் இல்லை. அந்த வீடுகளில் வெளியாள் முன் அறையைத் தாண்டிப் போவதில்லை. முன் அறைக்கும் உள்கட்டுக்கும் நடுவில் ஒரு திரை இருக்கும். நான் இந்தப் பக்கம் சாதாரண போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வீட்டுப் பெண் ஒருவர் ஹேண்ட்செட்டோடு உள்ளே நடந்துகொண்டே இருக்கும் இடத்தைச் சொல்லுவார். "சமையல்கட்டு... கிணத்தாண்ட... மாடிப்படி..." குரல் எங்கே தேய்கிறது என்று நான் குறித்துக்கொள்வேன். ஆம்பூரில் பல வீடுகளின் உள்ளே நான் கால் வைத்ததில்லை. எங்கே கிணறு, எங்கே படி என்று இன்றைக்கும் சொல்லுவேன்.

பெரியம்மா வீட்டுக்கும் அப்படித்தான் போனேன். தெருவே அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடும். கணவர் விட்டுப்போன தோல் டேனரியை இரண்டு பிள்ளைகள் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்தில் வீடு, நடுச்சுவரில் ஒரு கதவு. பெரியம்மா மூத்த மகன் வீட்டில் இருந்தார். அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. ஒரு மருமகளுக்கு என்ன வாங்கினாலும் அதையே இன்னொரு மருமகளுக்கும் வாங்க வேண்டும். சேலை, வளையல், மிக்சி, பெருநாளைக்கு வாங்கும் ஜமுக்காளம், எல்லாம் ஜோடி. நிறம்கூட மாறக்கூடாது. "நாளைக்கு ஒருத்தி மூஞ்சி சுளிக்கக்கூடாது பாரு" என்பார்.

வீட்டில் போன் முன் அறையில் இருந்தது. வியாபாரத்துக்கு ஆட்கள் வந்து உட்கார்ந்திருக்கும்போது பெண்கள் வந்து பேச முடியாது. மூத்த மருமகள் ஜுபைதாவின் அக்கா பெங்களூரிலிருந்து கூப்பிட்டால், யாராவது எடுத்து "அப்பறம் பேசுங்க" என்று வைத்துவிடுவார்கள். அதற்காகத்தான் கார்ட்லெஸ். மூத்தவர் சிங்கப்பூர் போவதற்கு முன் மூன்று விளம்பரத் தாள்களை என்னிடம் கொடுத்தார். ஜுபைதா நடந்தார், நான் கேட்டேன். மொட்டை மாடியில் குரல் மணி மணியாக வந்தது. இரண்டாவது தாளில் இருந்ததைச் சொன்னேன்.

"நல்லதா?" என்று கேட்டார் பெரியம்மா.

"இத விட நல்லது இப்போதைக்கு இல்லம்மா."

"அப்ப ரெண்டு வாங்கியாரச் சொல்றேன்."

இரண்டு வந்தது. ஒரே கடை, ஒரே நிறம், ஒரே அட்டைப்பெட்டிக்குள் அக்கம்பக்கமாக. நான்தான் இரண்டு வீட்டிலும் மாட்டினேன். பெட்டியைத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்திருந்தால், இரண்டிலும் ஒரே சேனல் நம்பர் அச்சடித்திருப்பது தெரிந்திருக்கும். அந்தக் காலத்துக் கருவிகளில் பூட்டு, ரகசிய எண் எதுவும் கிடையாது. ஒரே சேனல் என்றால் இந்த வீட்டுப் பேச்சு அந்த வீட்டு ஹேண்ட்செட்டில் கேட்கும். சுவரைத் தட்டிப் பார்த்தேன், பேட்டரியைக் கேட்டேன், மணிச் சத்தத்தைச் சோதித்தேன். திருப்பிப் பார்க்க மட்டும் தோன்றவில்லை. ஆறு பேருக்கு ஆறு விதமாகத் தேர்வு செய்து கொடுத்த எனக்கு, ஒரே வீட்டார் ஒரே மாதிரி இரண்டு வாங்கினால் என்ன ஆகும் என்று யோசிக்கத் தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்து இளையவர் வீட்டிலிருந்து புகார் வந்தது. மணி அடிக்கிறது, எடுத்தால் ஆள் இல்லை. புகார்ச் சீட்டை எடுத்துக்கொண்டு போனேன். முன் அறையில் யாரும் இல்லை. திரைக்குப் பின்னாலிருந்து இளைய மருமகள் நஸீமாவின் குரல் வந்தது.

"அண்ணே, புகார் குடுத்தது அவரு. நீங்க அத சரி பண்ணாதீங்க."

எனக்குப் புரியவில்லை. "ஏம்மா?"

குரல் திரைக்கு இன்னும் பக்கத்தில் வந்தது. பிறகு தணிந்த குரலில் சொன்னார். அண்ணன் மனைவியை அவர்கள் பாபி என்பார்கள்.

"பாபி தெனம் சாயங்காலம் மாடிக்குப் போய் அவங்க அக்காகிட்ட பேசறாங்க. அது என் போன்ல கேக்குது. மொத நாளு உடனே வெச்சிட்டேன், அல்லா மேல ஆணை. அடுத்த நாளு அவங்க அழுவுறது கேட்டுது. வெக்க முடியல." "அவங்களுக்கு மார்ல கட்டி இருக்குதாம் அண்ணே. நாலு மாசமா. யாருக்கும் சொல்லல. பொண்ணு கல்யாணம் முடியட்டும், அதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரின்னா மாப்ள வீட்ல இன்னா நெனைப்பாங்கன்னு சொல்றாங்க. அவங்க அக்கா கெஞ்சறாங்க. இவங்க கேக்கமாட்றாங்க."

"நீங்களே போய்ச் சொல்லலாமேம்மா?"

"ஒட்டுக் கேட்டேன்னு தெரிஞ்சா என் மூஞ்சில முழிக்க மாட்டாங்க. நீங்க சரி பண்ணிட்டா எனக்கு ஒண்ணுமே தெரியாமப் போய்டும். என்னிக்காவது ஆஸ்பத்திரிக்கு வரேன்னு அக்காகிட்ட சொல்லுவாங்க. அன்னிக்கு நானும் கூட போறேன்."

பன்னிரண்டு வருடமாகப் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவர்கள். எல்லாமே ஜோடியாக மாமியார் கையிலிருந்து வந்துவிட்டதால் ஒருவருக்கொருவர் கொடுக்கவோ கேட்கவோ அவர்களுக்கு ஒன்றும் இருந்ததில்லை. பெருநாளன்று மட்டும் அந்த நடுக்கதவு திறக்கும். சண்டை கிடையாது, நெருக்கமும் கிடையாது. அதனால்தான் அந்தப் பெண்ணால் நேரில் போய் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை.

நான் புகார்ச் சீட்டில் "பழுது காணப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் வேலையில் நான் எழுதிய பெரிய பொய் அதுதான். ஒரு வாரம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். சரி செய்தால் ஒருவர் நோயோடு தனியாகப் போய்விடுவார். செய்யாவிட்டால் அவர் அழுவதை இன்னொருவர் கேட்டுக்கொண்டே இருப்பார், நாளும் கடந்துகொண்டே போகும். கடைசியில் வரதராஜன் சார் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் தேர்வு செய்தது, நான் மாட்டியது, நான் எழுதிய பொய், ஒன்றையும் விடவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "தாங்கள் ஒரு வாரமா இத தெரிஞ்சுக்கினு இருந்தீங்களா?"

"ஆமா சார்."

"அந்தம்மா என்ன பேசினாங்கன்னு எனக்கு இனிமே சொல்லாதீங்க. சொன்னவரைக்கும் போதும்." துணிப்பையைக் கையில் எடுத்தார். "அவங்களுக்கு நோய் இருக்குதுன்னு பேச நமக்கு எந்த ரைட்டும் இல்ல. ஆனா அவங்க லைன் தொறந்து கெடக்குதுன்னு அவங்களுக்குச் சொல்லியாகணும். அது நம்ம வேல. கெளம்பு."

"கெளம்பு" என்று ஒருமையில் சொன்னதும் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

மூத்தவர் வீட்டு முன் அறையில் பெரியம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஜுபைதாவையும் திரைக்குப் பக்கத்தில் வரச் சொன்னோம். வரதராஜன் சார் நின்றுகொண்டே பேசினார்.

"அம்மா, உங்க கார்ட்லெஸும் அந்த வீட்டு கார்ட்லெஸும் ஒரே சேனல். மாட்டும்போது எங்க ஆளு பாக்கல. தப்பு எங்களோடது. நீங்க இதுல பேசினது அந்த வீட்ல கேட்டிருக்கும். அவங்க பேசினதும் இங்க கேட்டிருக்கும். இத உங்களுக்கு நேர்ல சொல்லணும்னு வந்தேன். இனிமே இத மாட்டாதீங்க. வேற சேனல் செட்டு வர்ற வரைக்கும் பழைய போன்லயே பேசுங்க."

பெரியம்மா கையை வீசினார். "அதுக்கா ரெண்டு பேரு வந்தீங்க? ஒரே குடும்பம், கேட்டா கேக்கட்டும். இவ அக்காகிட்ட சமையல்தான் பேசுவா."

திரைக்குப் பின்னாலிருந்து ஜுபைதாவின் குரல் கேட்டது. "எத்தன நாளா?"

"மாட்டின நாள்லேந்தும்மா" என்றார் சார்.

நாங்கள் படி இறங்கினோம். தெருவில் வரதராஜன் சார் என்னை விட்டு வேகமாக முன்னால் நடந்தார். கோபமா என்று கேட்டேன். "பயமா இருக்குது கோதண்டம்" என்றார்.

பிறகு நடந்ததை நஸீமா அம்மா பின்னால் ஒருநாள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நாங்கள் வந்துபோனதை ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, இவர் தன் வீட்டு ஹேண்ட்செட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நடுக்கதவைத் திறந்து போயிருக்கிறார். ஜுபைதா கட்டிலில் உட்கார்ந்திருந்தாராம். இவர் ஹேண்ட்செட்டை அவர் மடியில் வைத்திருக்கிறார்.

"எல்லாம் கேட்டியா?" என்றாராம் அவர்.

"கேட்டேன் பாபி."

"கேட்டுட்டு ஏன் வரல?"

"நீங்க இத்தன நாளு ஏன் சொல்லல?"

இரண்டு பேரும் அழுதிருக்கிறார்கள். சத்தம் கேட்டு பெரியம்மா வந்திருக்கிறார். விஷயம் தெரிந்ததும் அவர் அழவில்லையாம். நேரே முன் அறைக்குப் போய், மாப்பிள்ளை வீட்டுக்குத் தானே போன் போட்டு, "மருமவளுக்கு ஒடம்பு சரியில்ல. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போறோம். இதனால உங்களுக்கு யோசனைன்னா இப்பவே சொல்லிடுங்க" என்றிருக்கிறார். மறுமுனையில் பேசிய அம்மாள், தானும் வேலூருக்கு வந்து துணைக்கு இருக்கட்டுமா என்று கேட்டாராம். நாலு மாதம் யாருக்குப் பயந்து ஜுபைதா அந்தக் கட்டியை மறைத்தாரோ, அவர்கள் கேட்டது அவ்வளவுதான்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மருமகள்கள் இருவரும் வேலூர் போனார்கள். ஆபரேஷன் ஆனது. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் சிகிச்சை. கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்து நடத்தினார்கள். ஒவ்வொரு முறை வேலூர் போகும்போதும் நஸீமா கூடவே போனார். எனக்கு மெமோ வந்தது. வரதராஜன் சார் அதில் தன் கையெழுத்துக்கு மேலே, "மாட்டியதை மேற்பார்வை செய்யாதது என் பிழையும்கூட" என்று எழுதியிருந்தார். இப்படி ஒரு மேலதிகாரியிடம் வேலை பார்த்தேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் கர்வம்தான்.

அடுத்த வருடம் மூத்தவர் மறுபடி சிங்கப்பூர் போய்வந்தார். வேறு சேனலில் புதிய செட் ஒன்று வந்தது. இந்த முறை அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, பெட்டியைத் திருப்பி அடியில் இருந்த நம்பரை மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் ஜுபைதாவின் வீட்டில் மாட்டினேன். பழைய செட் நஸீமா வீட்டிலேயே இருந்தது. அன்று நான் போய் நின்றபோதுதான் இரண்டு பேரும் வேலூரிலிருந்து திரும்பியிருந்தார்கள். டாக்டர் அறைக்குள் கடைசியாக ஜுபைதா தனியாகப் போய்வந்தாராம். பஸ்ஸில் கூட்டம் ஜாஸ்தி, ஒன்றும் பேசிக்கொள்ள முடியவில்லை என்று நஸீமா என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குரலில் கவலை இருந்தது.

சோதித்துப் பார்க்க ஜுபைதா அம்மாவை ஹேண்ட்செட்டோடு மாடிக்குப் போய் எதையாவது பேசச் சொன்னேன். நான் முன் அறை போனைக் காதில் வைத்தேன். பக்கத்து வீட்டில் நஸீமா தன் ஹேண்ட்செட்டைக் காதில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றார்.

மாடியிலிருந்து குரல் தெளிவாக வந்தது. "நஸீமா, டாக்டரம்மா சுத்தமா இருக்குதுன்னுட்டாங்க. இனிமே ஆறு மாசத்துக்கு ஒருதரம் வந்தா போதுமாம்."

நான் ஜன்னல் வழியாக அந்தப் பக்கம் பார்த்துக் கேட்டேன். "ஏதாவது கேக்குதாம்மா?"

"ஒண்ணுமே கேக்கல அண்ணே" என்றார் நஸீமா.

"அவங்களுக்கு ஒண்ணும் கேக்கலயாம்மா. செட்டு சரியா இருக்குது" என்று நான் போனில் சொன்னேன்.

மாடியில் ஜுபைதா அம்மா சிரித்தார். அந்த வீட்டில் நான் கேட்ட அவருடைய முதல் சிரிப்பு அது.

"கேக்கலியா? சரி, நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்க. நானே எறங்கிப் போய் சொல்றேன்."